பாதியில் நின்ற சுவர்

பெயிண்டர் எந்தச் சுவரையும் பாதியில் விட்டு இறங்கியதில்லை. விட்டால் காய்ந்து கோடு விழும். பல்வலிக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக்கையும் அப்படித்தான் முடித்தார். மூன்றாம் நாளே உடம்பெல்லாம் தடிப்பு. “நிறுத்தித் தொலைங்களேன்” என்று மனைவி தலைதலையாய் அடித்துக்கொண்டாள். கேட்டால்தானே! கடைசி மாத்திரையோடு முகம் வீங்கி, சிறுநீரும் குறைந்துபோனது.

“மருந்து ஒத்துக்காம கிட்னி வீங்கியிருக்கு. தடிப்பு வந்தப்பவே ஓடி வந்திருக்க வேணாமா?” என்றார் டாக்டர். ஸ்டீராய்டு கொடுத்து, வாராவாரம் ரத்தம் பார்த்து, ஸ்டீராய்டை மெல்ல மெல்லக் குறைத்தார். சிறுநீரகம் தேறியது.

இன்று பரிசோதனைக்கு நேரமானதும் பெயிண்டர் ஏணியை விட்டு இறங்கினார்.

“என்னங்க, பாதியில விட்டுட்டுப் போறீங்க? கோடு விழாதா?” என்றார் வீட்டுக்கார அம்மா.

“விழட்டும்மா. சுவருக்கு இன்னொரு கோட்டிங் அடிச்சுக்கலாம்.”