பாலைமரத்தடியில் நான் மூடிய வெடிப்பு

இன்று காலை இந்தக் குரூப்பில் ஒரு தங்கச்சி தன் வளவு மரத்தின் படத்தைப் போட்டு, “இலை பச்சையாகத்தானே இருக்கிறது, வெட்டத்தான் வேண்டுமா?” என்று கேட்டிருந்தார்.

கமெண்ட் போடத்தான் தொடங்கினேன். நீண்டு போஸ்ட் ஆகிவிட்டது! (வயது எண்பத்தாறு. டைப் செய்வது நானேதான், ஒற்றை விரலால்.)

அறுபதுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து உடையார்கட்டுக் குளத்துக்குக் கீழே காணி எடுத்தவர்களில் நானும் ஒருவன்.

காட்டை வெட்டி எரித்தபோது நிழலுக்கென்று ஒரு பாலைமரத்தை மட்டும் விட்டேன். (வெட்டிய கொப்புகளை அதன் அடியில் குவித்துத்தான் கொளுத்தினேன். அவ்வளவு கெட்டிக்காரன்!)

அடிமரம் ஒரு பக்கம் கருகியது. பிறகு அந்த இடம் உக்கிப் பொந்தானது. பொந்துக்குள் தேனீ வந்தது.

எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம்! கொப்பில் பழம், அடியில் தேன். என் பெயரே ‘பாலையடியார்’ ஆகிவிட்டது.

பக்கத்து வளவில் சின்னத்தம்பியண்ணையும் அவர் மனைவி பூமணியக்காவும். முள்ளியவளை ஆட்கள். காட்டு மரங்களை நன்றாக அறிந்தவர்கள்.

ஒருநாள் அண்ணை வந்து, கோடாலியின் பின்பக்கத்தால் என் மரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். வெறும் பீப்பாயைத் தட்டியது போலச் சத்தம்.

“தம்பி, உது உள்ளுக்குக் கோறை. எங்கட குசினிப் பக்கம் சரிஞ்சும் நிக்குது. வெட்டுவம், நானும் வாறன்.”

“தலையைப் பாருங்கோ அண்ணை! நல்ல பச்சையாத்தானே நிக்குது?”

“தலையைப் பாத்துச் சொல்ல உதென்ன பனையே? காட்டு மரத்துக்கு அடியைப் பாக்கவேணும். தேனீ குடியிருக்கிற இடத்தில மரம் இல்லையெண்டுதானே அர்த்தம்?”

அவர் சொன்னது சரி. பனையோடு வளர்ந்த எங்களுக்கு தலையிலுள்ள வட்டு பச்சையாக நின்றால் மரம் சுகம், அவ்வளவுதான் தெரியும். ஆனால் அதை இன்னொருவர் சொல்லிக் கேட்க எனக்கு ரோசம் விடவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் பூமணியக்கா நிற்கிறார் என்று தெரிந்தும் சொன்னேன்:

“உங்களுக்குத் தேன் வேணுமெண்டால் கேளுங்கோ, தாறன். அதுக்காக மரத்தை விழுத்தச் சொல்லாதேங்கோ.”

அந்த மனிதரின் முகம் செத்துப்போனது. கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இதோடு நின்றிருந்தால் நான் வெறும் வாய்க்கொழுப்புக்காரன். நிற்கவில்லை.

மார்கழி மழை விட்ட ஒரு காலை. மரம் சரிந்திருந்த பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம், வேரடியில் நிலம் வெடித்திருந்தது. என் நடுவிரல் முழுதாக உள்ளே போனது!

அதன் அர்த்தம் எனக்கு விளங்கியது. வேர் கிளம்பத் தொடங்கிவிட்டது, மரம் விழப்போகிறது.

அன்று மத்தியானம் மரத்தைப் பார்க்க ஊர் அதிகாரியான விதானையார் வருவதாக இருந்தது. அண்ணைதான் முறையிட்டிருந்தார். அவரிடம் தோற்பதா?

மண்வெட்டியை எடுத்தேன். வெடிப்பை மண்ணால் மூடி, மிதித்து, மேலே வைக்கோலைப் பரப்பி, கன்றுக்குட்டியை அங்கே கட்டினேன்.

விதானையாரும் எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்து மனிதர். அண்ணாந்து தலையைப் பார்த்தார். “பச்சையாத்தானே நிக்குது!” என்றார். போய்விட்டார்.

நான் வென்றுவிட்டேன்.

ஒன்பதாம் நாள், காலை பத்து மணியிருக்கும். காற்றே இல்லை. மரம் வேரோடு கிளம்பிப் போய்ப் பக்கத்து வளவுக் குசினியில் விழுந்தது. உள்ளே பூமணியக்கா சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

கூரை வளையை நாலுபேர் தூக்கித்தான் அவரை வெளியே எடுத்தோம். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. உயிர் தப்பியது அவருடைய நல்ல காலம்.

தங்கச்சி, இன்றைக்கே மரத்தின் அடியைப் போய்ப் பாருங்கள். பொந்து, உக்கல், காளான், சரிவுக்கு எதிர்ப்பக்கத்தில் நிலவெடிப்பு. ஒன்று கண்டாலும் மரம் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். அதுவரை அதன் கீழே யாரையும் விடாதீர்கள்.

மரம் விழுந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணை என்னைக் கண்டதும் எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு அது போதாது, அடித்திருக்கவேண்டும்.

பூமணியக்காதான் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

“அவர் கோவத்தில கண்டபடி கதைக்கிறார் தம்பி, மனசில வையாதேங்கோ. நீங்கள் வேணுமெண்டே விட்டதாம்! நான் அவரோட சண்டை பிடிச்சனான். உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா வெட்டியிருப்பியள்தானே?”

இன்றுவரை இதை ஒருவருக்கும் சொன்னதில்லை. இப்போது அக்காவும் உயிரோடு இல்லை, அண்ணையும் இல்லை.

நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

“ஓமக்கா” என்றேன்.