சமத்துக் குழந்தை

கரும்புத் தொட்டில் என்றதும் எனக்குச் சித்தியின் மஞ்சள் புடவைதான் நினைவுக்கு வரும். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, சாமிக்கு நேர்ந்துகொண்டு பிறந்த மகளை அந்தப் புடவையில் கிடத்தி, கரும்பில் கட்டி, முன்னால் சித்தப்பாவும் பின்னால் சித்தியுமாகத் தோளில் சுமந்து மாடவீதியைச் சுற்றினார்கள். தீபத் திருவிழாக் கூட்டம். மேளச் சத்தத்தில் மற்றத் தொட்டில்களின் பிள்ளைகள் எல்லாம் வீறிட்டு அழுதன. எங்கள் பாப்பா மட்டும் கரும்புத் தோகையைப் பார்த்தபடி பேசாமல் கிடந்தாள். "எவ்ளோ சமத்து பாரு! சாமி குடுத்த புள்ளைனா சும்மாவா?" என்று முன்பின் தெரியாத ஓர் அம்மாள் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். சித்திக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தப் பெருமையை எங்கள் ஊரான கீழ்பென்னாத்தூர் முழுக்கப் பரப்பியதில் எங்கள் எல்லோருக்கும் பங்குண்டு. ராத்திரி யாரையும் எழுப்பாத பிள்ளை, பாலுக்கு அடம்பிடிக்காத பிள்ளை. அக்கம்பக்கத்தில் தங்கள் பிள்ளைகளைத் திட்டுவதற்கு எங்கள் பாப்பாவைத்தான் உதாரணம் காட்டினார்கள். கொஞ்சம் பால் குடித்ததுமே நெற்றியெல்லாம் வியர்த்துத் தூங்கிப்போவாள். சித்தி ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு, "என் தங்கம், அம்மாவுக்கு வேலையே வெக்காது" என்று கொஞ்சுவாள்.

தடுப்பூசி போட வேங்கிக்கால் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் அம்மா பாப்பாவின் நெஞ்சில் வைத்த ஸ்டெதஸ்கோப்பை எடுக்கவே இல்லை. "நல்லா அழுவாளா?" என்று கேட்டார்.

"அழவே மாட்டா மேடம், ரொம்ப சமத்து" என்று சித்தி சிரித்தாள்.

"சமத்து இல்லம்மா. அழறதுக்கு இவ உடம்புல தெம்பு இல்ல."

பிறந்ததும் தானாக மூடிக்கொள்ள வேண்டிய ஒரு ரத்தக்குழாய் இதயத்தை ஒட்டித் திறந்தே கிடக்கிறதாம். நுரையீரலுக்கு ரத்தம் அளவுக்கு மீறிப் பாய்கிறதாம். இப்படியே விட்டால் பிள்ளை தங்காதாம். நாங்கள் ஊரெல்லாம் சொல்லிக் கொண்டாடியது அவள் நோயை! சித்தியின் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோயிருந்தது.

சென்னையில் நெஞ்சைக் கீறாமலே சரிசெய்தார்கள். தொடை வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இதயம்வரை செலுத்தி, அதனுள்ளேயே ஒரு சின்ன அடைப்பானைக் கொண்டுபோய் அந்த வழியை மூடிவிட்டார்கள். வெளியே வந்தபோது தொடையில் ஒரு பிளாஸ்திரி மட்டும்தான் இருந்தது. சித்தப்பா நம்பாமல் துணியை விலக்கி விலக்கிப் பார்த்தார்.

மறுநாள் காலை வார்டே அதிரும்படி பாப்பா அழுதாள். முகம் சிவந்து, கையைக் காலை உதறி, அப்படி ஓர் அழுகை. அந்தக் குரலை நாங்கள் யாருமே கேட்டதில்லை. சித்தப்பா பதறிப்போய் நர்ஸைக் கூட்டிவந்தார். "ஒண்ணுமில்லீங்க, பசிக்குது. பால் குடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

சித்தி அசையவில்லை. நான் தூக்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருடி. இன்னும் கொஞ்சம் அழட்டும். இப்பதானே என் புள்ள கொரலையே கேக்கறேன்."