காற்று நிற்கும் நேரம்

வெயிலுக்குப் பயந்துதான் நாங்கள் வேலையை நிறுத்திவிட்டு வரப்பேறுகிறோம் என்று அந்த சூப்பர்வைசர் நினைத்தார். வெயிலுக்குப் பயந்தவள் மரக்காணம் உப்பளத்தில் ஒரு நாள்கூடத் தாங்க மாட்டாள். நாங்கள் பயந்தது காற்று நிற்பதற்கு.

சுனாமிக்கு அடுத்த கோடை அது. சேறு புகுந்த பாத்திகளைச் சுத்தம் செய்து, மிதித்துக் கெட்டியாக்கி, தாமதமாகத்தான் உப்பு வார ஆரம்பித்திருந்தோம். பன்னிரண்டு பெண்களில் ப்ளஸ் டூ படித்தவள் நான் ஒருத்திதான். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு, மறைப்பானேன்.

காலையில் மேற்கிலிருந்து காற்று அடிக்கும். அனல் காற்றுதான், ஆனாலும் வியர்வையை உடனே காயவைத்துவிடும். பகல் ஏற ஏறத் தரை சூடாகி, அதன் மேலுள்ள காற்று எழும்ப, கடல் காற்று உள்ளே வரும். முன்னது ஓய்ந்து பின்னது வருவதற்குள் அரை மணி, சில நாள் ஒரு மணி நேரம், எதுவும் அசையாது. தலைக்கு மேலே வெயில், கீழே வெள்ளை உப்பில் பட்டு முகத்தில் அடிக்கும் வெயில், நடுவில் பாத்தித் தண்ணீரின் ஆவி. வியர்வை காயாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். உடம்புச் சூட்டுக்கு வெளியே போக வழி இருக்காது.

மோட்டார் கொட்டகை உச்சியில் ஒரு பழைய துணி கட்டியிருக்கும். அது துவண்டு தொங்கினால் உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டுக் கொட்டகை நிழலுக்குப் போவோம். கடல் காற்றில் அது அசைந்ததும் இறங்குவோம். யார் வைத்த வழக்கமோ தெரியாது.

டவுனிலிருந்து புதிதாக வந்த சூப்பர்வைசர் கொட்டகைத் தூணில், நல்ல நிழலில், ஒரு தெர்மாமீட்டரை மாட்டினார். "நாப்பது தாண்டுனாதான் ரெஸ்ட்டு. அதுவரைக்கும் யாரும் மேல ஏறக் கூடாது" என்றார்.

மறுநாள் துணி தொங்கியது. தெர்மாமீட்டர் முப்பத்தெட்டு காட்டியது. நானும் ஏறாமல் வாரிக்கொண்டிருந்தேன். பிரம்மதேசம் கிராமத்திலிருந்து என்னோடு பஸ்ஸில் வருபவள் பக்கத்துப் பாத்தியில் இருந்தாள். ஏற்கெனவே வாரி முடித்த இடத்தில் வெறும் தரையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அங்க என்னம்மா வார்ற?" என்றேன்.

"பஸ் வந்துடுச்சாக்கா?" என்று கேட்டாள். அப்படியே உட்கார்ந்து சரிந்தாள்.

தொட்டால் அனலாகக் கொதித்தது. நிழலுக்குத் தூக்கிப்போய்க் குடிதண்ணீரை மேலே ஊற்றி, முந்தானைகளால் விசிறி, இல்லாத காற்றை நாங்களே உண்டாக்கினோம். பிறகு ஆஸ்பத்திரி. உயிர் பிழைத்தாள்.

"காலையில சாப்பிடாம வந்திருப்பாங்க" என்றார் சூப்பர்வைசர் அடுத்த நாள். அன்று காலை என் தூக்குவாளியிலிருந்துதான் அவள் சாப்பிட்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றும் காற்று நின்றது. நான் ஏறினேன்.

"முப்பத்தேழுதாம்மா காட்டுது. எறங்கு."

"அது நெழல்ல சும்மா தொங்குது சார். அதுக்கு வேர்க்குதா? எங்களுக்கு வேர்க்குது, காய மாட்டேங்குது. காயலன்னா சூடு உள்ளயேதான் நிக்கும்."

"எறங்கலன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

"வருவேன் சார். நாளைக்கும் காத்து நிக்கும். நாளைக்கும் ஏறுவேன்."

பின்னால் பலகைகள் விழும் சத்தம் கேட்டது. மற்ற பத்துப் பேரும் ஏறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வீம்புக்கு அவரே ஒரு பலகையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கினார். ஒருவரும் சிரிக்கவில்லை. கடல் காற்று வருவதற்கு வெகு முன்பே சட்டை நனைந்து, மூச்சு வாங்க மேலே வந்தார். நான் தள்ளி உட்கார்ந்து நிழலில் இடம் கொடுத்தேன். நாப்பது என்ற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

நான் ஜெயித்துவிட்டதாக எல்லோரும் சொன்னார்கள். என்ன ஜெயிப்பு? அன்று சரிந்தவளால் பிறகு வெயிலில் நிற்கவே முடியவில்லை; உப்பளத்துக்கு அவள் திரும்பவில்லை. படித்த திமிர் இருந்தும் நான் ஒரு நாள் தாமதமாகத்தான் ஏறினேன்.