கௌபாயின் உதடு

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், என் அமெரிக்காவை என் மச்சான் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். போய்விட்டார் என்றுதான் எழுத வேண்டும் – ஆள் பாதிரியார்!

என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி அவர். ரோமில் இறையியல் படிக்கிறார். லீவில் தஞ்சாவூர் வந்தவருக்கு எங்கள் வீட்டில் முத்துப்பேட்டை இறாலோடு விருந்து. சாப்பிட்டு சோபாவில் சாய்ந்தவருக்கு நான் வேறென்ன செய்வேன்? ஒரு கௌபாய் படத்தைப் போட்டேன்.

அந்தப் படங்கள் மேல் எனக்கு இருக்கும் பக்தி கொஞ்சநஞ்சமல்ல. புழுதி, சுருட்டு, சுடுவதற்கு முன்னால் அந்த நீளமான முறைப்பு... அமெரிக்கா என்றால் இதுதான் என்று ஊருக்கே வகுப்பெடுத்தவன் நான்.

ஸ்டெல்லா மட்டும் உட்கார மாட்டாள். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை உட்கார்ந்தாள்.

"ஏங்க, வாய் ஒண்ணு அசையுது, பேச்சு வேற வருதே?"

"அது அமெரிக்கன் ஆக்சென்ட். உனக்குப் புரியாது."

எழுந்து போனவள்தான். அதற்கப்புறம் நான் படம் போட்டாலே அவளுக்கு வயல் ஞாபகம் வந்துவிடும். அன்றும் அறுப்பு மிஷின்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

திரையில் வில்லன் யாரையோ மிரட்டினான். ஃபாதர் குபீரென்று சிரித்தார்.

"அத்தான், இவன் இத்தாலியன்ல பேசுறான்!"

"இங்கிலீஷ் காதுல விழலையா?"

"காதை விடுங்க, உதட்டைப் பாருங்க. இது இத்தாலிக்காரங்க எடுத்த படம். பாலைவனம்கூட ஸ்பெயின்ல இருக்கு. ஆளுக்கொரு பாஷையில பேசி நடிச்சிட்டு, அப்புறமா டப்பிங் பண்ணிடுவாங்க."

நம்புவேனா? செல்போனில் தேடினேன். டைரக்டர் இத்தாலி. இசை இத்தாலி. எனக்குப் பிடித்த இன்னொரு படம்... அதுவும் இத்தாலி!

"ஹீரோவாவது?" என்றேன், ஈனசுரத்தில்.

"அவர் அமெரிக்கர்தான். கவலைப்படாதீங்க அத்தான்." துக்க வீட்டில் ஆறுதல் சொல்லிப் பழகிய குரல்.

ஸ்டெல்லா போனை வைத்துவிட்டு வந்து நின்றாள். "அப்ப வாய் வேற, பேச்சு வேறதானா தம்பி?"

"ஆமாக்கா."

என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு முறைப்பை எந்த க்ளோசப்பிலும் நான் பார்த்ததில்லை.

"நீ சொன்னதுதான் சரி" என்றேன். வேறு வழி?

"படம் யாரு எடுத்தா எனக்கென்னங்க? உனக்குப் புரியாதுன்னீங்களே... அதான் அப்புறம் உக்காரவே தோணலை."

ஃபாதர் கூரையைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"சரி, தள்ளி உக்காருங்க. முதல்லேருந்து போடுங்க."

போட்டேன். உதடு பிசகும் இடமெல்லாம் அக்காவும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் ஆக்ரோஷமான கௌபாய் படம் காமெடிப் படமாகி, நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஒன்று யோசித்தீர்களா? ஹீரோ ஒரு மொழி, வில்லன் ஒரு மொழி, நடுவில் நிற்பவன் இன்னொரு மொழி. அப்படியும் சரியான நேரத்தில் சரியான ஆளைச் சுடுகிறார்கள். ஒரே தமிழ் பேசும் எங்கள் இருவருக்குள்தான், டப்பிங் கொடுக்க ரோமிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது!