இருவர் பின்னிய போர்வை

காரைக்காலில் ஒருத்தி கம்பளி நூல் பின்னுகிறாள் என்றால் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "இந்த வேகுற ஊர்ல எவன் ஸ்வெட்டர் போடப் போறான்?" அலுவலகத்தில் மதியச் சாப்பாடு முடிந்து கால் மணி நேரம் ஊசியைக் கையில் எடுத்தால், பக்கத்து மேசைக்காரர் அதை ஏதோ புதிதாகக் கண்டுபிடித்ததுபோலத் தினமும் கேட்பார். நான் பதில் சொல்வதில்லை. ஊட்டிக்குச் சுற்றுலா போன அவர் மகளுக்குக் குல்லா பின்னிக் கொடுத்ததே நான்தான். டெல்லியில் வேலை பார்க்கும் என் தம்பிக்கு மஃப்ளர், தோழிகளுக்குச் செல்போன் உறை, தண்ணீர் பாட்டிலுக்குச் சட்டை என்று எதையாவது பின்னிப் பரிசாகக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். வாங்கியவர்களில் பாதிப் பேர் அலமாரியில் போட்டு மறந்துவிட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். எனக்கு அது பொழுதுபோக்கு. யாருக்கும் தொந்தரவு இல்லாத பொழுதுபோக்கு என்றுதான் அந்தப் போர்வை வரும்வரை நினைத்திருந்தேன்.

கோவில்பத்தில் எங்கள் வீடு கீழும் மாடியுமாக இரண்டு குடித்தனம். கீழே நாங்கள். மாடியில் என் கணவரின் அண்ணனும் அவர் மனைவியும், அதாவது என் ஓர்ப்படி. நேரில் நான் அவளை அக்கா என்றும் வாங்க போங்க என்றும்தான் பேசுவேன். எழுதும்போது அந்த மரியாதை கைக்கு வரவில்லை.

அவளும் பின்னுவாள். கான்வென்ட் பள்ளியில் கன்னியாஸ்திரிகளிடம் கற்றவள். நூலை இடது கை விரலில் சுற்றிப் பிடித்து, சத்தமே இல்லாமல், இறுக்கமாகப் பின்னுவாள். நான் செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றவள். நூலை வலது கையில் பிடிப்பேன். என் கை கொஞ்சம் தளர்வு. முதன்முதலில் நான் பின்னுவதைப் பார்த்தபோது அவள், "இதையெல்லாம் போன்லயா கத்துக்குறாங்க இப்ப," என்று மட்டும் சொன்னாள். அந்த "இப்ப" எனக்கு மறக்கவில்லை. அதன்பிறகு ஆறு வருடம் ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாகப் பின்னினோம். ஒருத்தி செய்ததை மற்றவள் நன்றாக இருக்கிறதென்று ஒருநாளும் சொன்னதில்லை.

என் நாத்தனார், எங்கள் வீட்டுக்காரர்களுக்கு ஒரே தங்கை, பிரான்சில் இருக்கிறாள். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து அவளுக்குக் குழந்தை உண்டானது. ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு வந்த அவள் சிநேகிதி ஒருத்தி எங்களிடம் ஒரு பை கொடுத்துவிட்டுப் போனாள். உள்ளே பத்து உருண்டை வெள்ளை நூல், பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று. நடுவில் பிளாஸ்டிக் கம்பி வைத்து இணைத்த இரட்டை ஊசி ஒன்று. பின்னல் கண்ணிகளுக்கு நடுவே அடையாளத்துக்கு மாட்டும் சின்னச் சின்ன வளையங்கள். அப்புறம் வரிகளை எண்ணும் கவுண்டர் ஒன்று, கட்டைவிரல் அளவுதான். ஒரு வரி முடிந்ததும் அதன் தலையில் அழுத்தினால் எண் ஒன்று கூடும், பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் ஒன்று குறையும்.

அன்று சாயங்காலமே வீடியோவில் கூப்பிட்டாள். நாங்கள் இருவரும் ஒரே போனுக்கு முன்னால் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தோம்.

"பெரிய அண்ணி, சின்ன அண்ணி, ரெண்டு பேருமே நல்லாப் பின்னுவீங்க. சேந்து ஒரே ஒரு போர்வை பின்னித் தாங்க. ஞானஸ்நானத்தன்னிக்கு அதுலதான் பாப்பாவைச் சுத்திக் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போவேன். இவரோட அண்ணன் டிசம்பர் முதல் வாரம் ஊர்லேருந்து கெளம்புறாரு. அவருகிட்ட குடுத்து விட்டுடுங்க."

"அதுக்கென்னம்மா, செஞ்சிடலாம்," என்றாள் ஓர்ப்படி.

"ரெண்டே மாசத்துல முடிச்சிடுவோம்," என்றேன் நான்.

ஏற்பாடு எளிமையானது. பையை மாடிப்படி திரும்பும் இடத்தில் இருக்கும் கொக்கியில் மாட்டிவைப்பது. பகல் முழுவதும் அவளுக்கு. அலுவலகம் விட்டு வந்து ஆறிலிருந்து எட்டு வரை எனக்கு. இலை இலையாக வரும் ஒரு டிசைனை இருவருமாகத் தேர்ந்தெடுத்தோம். ஒரு வாரம் நன்றாகத்தான் போனது.

இரண்டாவது வாரத்தில் துணி அலையடித்தது. அவள் பின்னிய இடம் உள்ளே இழுத்தது, நான் பின்னிய இடம் வெளியே பிதுங்கியது. விரித்து வைத்தால் குட்டையில் ஊறிய காகிதம் மாதிரி இருந்தது.

"உன் கை ரொம்ப லூசும்மா. காரைக்கால்மேட்டுல கொண்டுபோய்க் குடுத்தா இதுல மீன் புடிப்பாங்க," என்றாள், படியில் நின்றபடி.

"உங்களது அட்டை மாதிரி இருக்குக்கா. பச்சப் புள்ளைக்கு உறுத்தும்," என்றேன்.

உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

மறுநாள் மாலை பையை எடுத்தேன். முந்தின நாள் நான் வைத்துவிட்டுப் போனபோது கவுண்டரில் அறுபத்து நான்கு. இப்போது அறுபது. பகலெல்லாம் அவள் பின்னியிருந்தால் எண் கூடியிருக்க வேண்டும். மேலே போய்க் கேட்டேன்.

"நீ போட்ட நாலு வரியில தப்பு இருந்துச்சு. பிரிச்சிட்டேன்."

"என்ன தப்பு?"

"தப்புன்னா தப்புதான். பாத்தாத் தெரியாதா?"

எனக்குத் தெரிந்தவரை தப்பு இல்லை. அடுத்த நாள் என் முறை வந்ததும் அவள் பின்னியதில் ஆறு வரி பிரித்தேன். அவற்றிலும் தப்பு இல்லை. நான் உட்கார்ந்து நிதானமாக, ஒரு கண்ணியும் நழுவாமல், ரசித்துத்தான் பிரித்தேன். அதை இங்கே மறைப்பதில் பிரயோஜனமில்லை.

அதன்பிறகு அப்படியே நடந்தது. பகலில் அவள் பிரிப்பாள், மாலையில் நான் பிரிப்பேன். அக்டோபர் முழுக்கப் போர்வை ஒன்றரை சாண் நீளத்திலேயே நின்றது. திரும்பத் திரும்பப் பிரித்த நூல் சுருட்டை முடி மாதிரி ஆகி, மெத்தென்ற தன்மை போய், வெள்ளை லேசாகப் பழுப்படித்தது. மழைக்காலம் வேறு. ஈரக்காற்றில் நூல் கையில் ஒட்டியது.

வீடியோவில் ஒரு உபாயம் பார்த்தேன். சரியாக முடிந்த ஒரு வரியின் கண்ணிகள் எல்லாவற்றுக்குள்ளும் மெல்லிய நூல் ஒன்றைக் கோத்து விட்டுவிட்டால், அதற்குமேல் எவ்வளவு பிரித்தாலும் அந்த வரிக்குக் கீழே இறங்காது. பட்டுப்புடவை முந்தானைக்கு வாங்கிய சிவப்பு நூலை எடுத்து அறுபத்து இரண்டாவது வரியில் கோத்தேன். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆனது. அடுத்த நாள் மாலை பையைத் திறந்தால் அந்தச் சிவப்பு நூல் உருவப்பட்டு, ஒரு அட்டைத் துண்டில் அழகாகச் சுற்றி, நுனியைச் செருகி வைக்கப்பட்டிருந்தது. கவுண்டரில் ஐம்பத்து மூன்று.

அந்த வாரமே மாடியிலிருந்து நாத்தனாருக்கு ஒரு போட்டோ போயிருந்தது. போர்வையின் ஓரத்தில் மஞ்சள் கறை. கீழே, "சின்ன அண்ணி மீன் கொழம்பு வச்ச கையோட தொட்டுட்டா போல" என்று ஒரு வரி. நாத்தனார் அதை எனக்கே அனுப்பி, "என்ன அண்ணி இது?" என்று கேட்டிருந்தாள். அது பெரிய அண்ணியின் சாம்பார்க் கறை என்று பதில் எழுதினேன். கறை என்னுடையதுதான். வஞ்சிரத்துக்கு மஞ்சள் தடவிவிட்டு அவசரமாக வந்து உட்கார்ந்த நாள் எனக்கு ஞாபகம் இருந்தது.

நவம்பர் கடைசி வாரம் வெள்ளிக்கிழமை கொக்கியில் பை இல்லை. சனிக்கிழமையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மாடிக்குப் போனேன். வெளியே நல்ல மழை. அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். மடியில் போர்வை வழிந்து கிடந்தது. நூற்றுப்பத்து வரி. முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் பிரித்துப் புதிதாகப் பின்னியிருந்தாள். கறை படிந்த நூலை வெட்டி எறிந்திருந்தாள். இலைகள் ஒன்றுபோல, ஒரே இறுக்கத்தில், வரிசையாக ஏறின. நல்ல வேலை. அதில் என் கண்ணி ஒன்றுகூட இல்லை.

"நீ ஆபீசுக்குப் போறவ. ஒனக்கு நேரமில்ல," என்றாள், தலை நிமிராமல். "நானே முடிச்சிடுறேன். ரெண்டு பேரும் சேந்து செஞ்சதுன்னே சொல்லிக்கலாம். நான் ஒண்ணும் காட்டிக் குடுக்க மாட்டேன்."

கடைசியில் சொன்னதுதான் என்னைக் கிளப்பியது.

"குடுங்கக்கா, பாக்கலாம்," என்று கையை நீட்டினேன். கொடுத்தாள். ஊசியை உருவினேன். நூலின் நுனியைப் பிடித்து இழுத்தேன்.

பின்னல் பிரியும்போது ஒரு சின்னச் சத்தம் வரும், பொட்டுப் பொட்டென்று. மழைச் சத்தத்திலும் அது கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை, கத்தவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வரி போயிருக்கும். தலையணைப் பக்கத்தில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து எனக்கும் போர்வைக்கும் நடுவில் நூலை வெட்டினாள். என் கையில் ஒரு குவியல் நூல். அவள் மடியில் மீதி எழுபது வரி.

"இப்ப சந்தோசமா?" என்றாள்.

"ஆமா," என்றேன்.

அவள் கணவர் வாசலில் வந்து நின்று எங்களையும் கட்டிலையும் பார்த்தார். "கடையில ஒரு துண்டு வாங்கிக் குடுத்திருந்தா போயிருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கீழே என் கணவரிடம் நானே போய்ச் சொன்னேன். "அது என் தங்கச்சி கேட்டது," என்றார். அதற்கப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பிரான்சுக்குப் போகிற நாத்தனார் கணவரின் அண்ணன் வியாழக்கிழமை கிளம்புவதாக இருந்தது. திங்களும் செவ்வாயும் லீவு போட்டு, அந்தக் குவியலை அலசிக் காயவைத்து, ஒரு குல்லாவும் இரண்டு காலுறையும் பின்னினேன். அவள் எழுபது வரியை அப்படியே முடித்து, அரைப் போர்வையாக ஆக்கிவிட்டாள் என்று பின்னால் தெரிந்தது. புதன்கிழமை சாயங்காலம் கோட்டுச்சேரியில் அந்த மனிதர் வீட்டுக்கு ஸ்கூட்டியில் போனேன். நான் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது அவள் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். கையில் ஒரு பொட்டலம். இருவரும் கேட்டில் ஒதுங்கி ஒருவருக்கொருவர் வழிவிட்டோம்.

ஜனவரியில் ஞானஸ்நானப் படங்கள் வந்தன. குழந்தை ஒரு கடைப் போர்வைக்குள் இருந்தாள். தலையில் குல்லா இல்லை. காலில் சரிகை வைத்த வேறு ஏதோ காலுறை. மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நாத்தனாரைக் கூப்பிட்டேன்.

"குல்லா சின்னதாப் போச்சா?"

"இல்ல அண்ணி. சரியாத்தான் இருந்துச்சு."

"பின்ன ஏன் போடல?"

"ஒங்களதைப் போட்டா பெரிய அண்ணி கேப்பாங்க. அவங்களதைப் போட்டா நீங்க கேப்பீங்க. ரெண்டு அண்ணனும் என்கிட்ட எல்லாம் சொல்லிட்டாங்க." கொஞ்சம் நிறுத்தி, "ஒங்க சண்டைய நான் ஏன் அண்ணி என் புள்ள மேல போத்தணும்?" என்றாள். குரலில் கோபம் இல்லை. நான் போனை வைத்துவிட்டேன். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதற்காகவே பல வாரம் அவளையும் எனக்குப் பிடிக்காமல் போனது.

போன மே மாதம் நாத்தனார் குழந்தையோடு வந்தாள். வெயிலில் குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. பெட்டியைத் திறந்து எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு பரிசு கொடுத்தாள். ஒரே நிறம், ஒரே அளவு. ஒன்பது ஜோடி மர ஊசிகள், வேண்டிய நீளத்துக்குக் கழற்றி மாட்டும் கம்பிகள். "இனிமே ஒரு ஊசிக்கு ரெண்டு பேர் அடிச்சுக்க வேணாம்," என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

மாடியில் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நாத்தனார் திடீரென்று கேட்டாள். "உண்மையச் சொல்லுங்க. யாரு பிரிச்சது?"

"கடைசியாப் பிரிச்சது நான்," என்றேன்.

என் ஓர்ப்படி ரசத்தை ஊற்றிக்கொண்டே, "மொதல்ல பிரிச்சது நான்," என்றாள். "தப்பெல்லாம் ஒண்ணும் இல்ல. எனக்குப் புடிக்கல, பிரிச்சேன்."

அதை அவள் சொல்லிக் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. மன்னிக்கத் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. நாத்தனார் அதற்குமேல் கேட்கவில்லை. ஜூனில் பிரான்சுக்குத் திரும்பிவிட்டாள்.

அவள் போன மறுவாரம் ஓர்ப்படி படி இறங்கி வந்து என் வாசலில் நின்றாள். கையில் நாத்தனார் கொடுத்த ஊசிகளோடு வந்த வளைந்த குட்டிக் கம்பி, குண்டூசி அளவு.

"இது எதுக்குன்னு ஒனக்குத் தெரியுமா? ஊசி கழண்டு கழண்டு வருது. கண்ணியெல்லாம் நழுவிடுது."

ஊசியையும் கம்பியையும் பூட்டும் இடத்தில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதில் இந்தக் குட்டிக் கம்பியைச் செருகி முறுக்கினால் கழலாது. நான் வீடியோவில் பார்த்திருந்தேன்.

"பாத்துச் சொல்றேங்க்கா," என்றேன்.

மூன்றாம் நாள் சொன்னேன். அதற்குள் அவளுக்கு இரண்டு முறை முழு வரியும் நழுவி விழுந்ததை மேலேயிருந்து வந்த முணுமுணுப்பில் தெரிந்துகொண்டிருந்தேன். நான் சொன்னதைக் கேட்டு, படியிலேயே நின்று முறுக்கிப் பார்த்தாள். நின்றது. "இதைச் சொல்ல ஒனக்கு மூணு நாளு," என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள்.