துனீசியாவில் ஓர் அவுஸ்திரேலியர்

தெற்குத் துனீசியாவில் தேநீருக்காகப் பஸ் நிற்கிறது. செப்டெம்பர் முடியப்போகிறது, ஆனாலும் வெயில் குறையவில்லை. என் கணவர் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிறார். உள்ளே அவருடைய புது அவுஸ்திரேலியப் பாஸ்போர்ட். வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த நாடு இப்போதுதான் மனம் மாறிக் கொடுத்தது. அதைத் தூங்கும்போதுகூட அவர் பையிலிருந்து எடுப்பதில்லை.

நிழலில் நிற்கும் ஒட்டகக்காரர், "எந்த நாடு?" என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்கிறார்.

"அவுஸ்திரேலியா," என்கிறார் இவர், நெஞ்சை நிமிர்த்தி.

"இல்லை, அவுஸ்திரேலியர் சிவப்பு." ஒட்டகக்காரர் இன்னொரு பஸ்ஸிலிருந்து இறங்குபவர்களைக் காட்டுகிறார். வெயிலில் வெந்து, அவர்கள் உண்மையிலேயே சிவப்பாகத்தான் இருக்கிறார்கள்.

அவர்களில் ஒருத்தியின் தொப்பியில் மெல்பேர்ண் என்று எழுதியிருக்கிறது. அவள் கமராவோடு வந்து, ஒட்டகத்துக்குப் பக்கத்தில் நில் என்று இவருக்குக் கையால் சைகை காட்டுகிறாள். எனக்கு முகம் சுடுகிறது.

"வாங்கோ, போவம்," என்கிறேன்.

"பொறும், என்ன செய்யிறா எண்டு பாப்பம்." ஒட்டகக்காரரின் தலைத்துணியையும் வாங்கிக் கட்டிக்கொண்டு போய் நிற்கிறார்.

படம் எடுத்தபின் அவள் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, உரத்த ஆங்கிலத்தில் கேட்கிறாள்: "உங்கள் கிராமம் எது?"

"லிட்கம்," என்று எங்கள் வீடு இருக்கும் சிட்னிப் புறநகரைச் சொல்கிறார் இவர்.

"என்ன அழகான பெயர்! ஒட்டகத்தில் போகலாமா?"

"போகலாம். ஆனால் ரயில்தான் வசதி," என்கிறார், துளியும் சிரிக்காமல்.

அவள் தன் கணவரிடம் திரும்பி, "இவர்களிடம் ரயில்கூட இருக்கிறதாம்!" என்கிறாள்.