தங்கச்சிக்குச் சோடியாகப் போன கதை

நாற்பத்தியொரு வயதில் நான் இலங்கைக்காக விளையாடினேன். இதைச் சொன்னால் எங்கள் அலுவலகத்தில் இப்போதும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்துதான் சிரிப்பேன். கல்முனையில் ஓர் அரச அலுவலகத்தில் கோப்புகளோடு கிடக்கிறவள் நான். படிக்கிற காலத்தில் விளையாட்டுப் போட்டி நடக்கிற நாளெல்லாம் தலையிடி என்று சொல்லி வீட்டில் படுத்துக்கொள்வேன். இரண்டாம் மாடிக்கு ஏறினால் எனக்கு மூச்சு வாங்கும். அப்படிப்பட்டவளை, முதுகில் நாட்டின் பெயர் எழுதிய சட்டையைப் போட வைத்தவள் என் தங்கச்சி.

அவளுக்கு என்னைவிட ஒன்பது வயது குறைவு. நாலு வயதில்தான் நடந்தாள். கதைக்க அதைவிடக் காலம் எடுத்தது. புத்தி வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும் என்று டாக்டர் சொன்னதை வாப்பா வீட்டில் ஒரே ஒரு முறை சொன்னார். அதற்குப் பிறகு, மௌத்தாகிக் கண்மூடும்வரை அந்தக் கதையை அவர் எடுக்கவில்லை. தங்கச்சிக்கு மணிக்கூடு பார்க்கத் தெரியாது. இருபதுவரை எண்ணுவாள், பதின்மூன்று மட்டும் அவளுக்குப் பிடிக்காது, அதைத் தாண்டிப் போய்விடுவாள். நானும் என் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் உம்மாவும் அவளும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

முற்றத்தில் உம்மா கருவாடு காயப்போட்டால் காகம் விரட்டுவது தங்கச்சியின் வேலை. சின்னக் கல்லை எறிவாள். கல் காகத்துக்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி வந்து விழும். எத்தனை தரம் எறிந்தாலும் அதே ஒரு சாண். குறி தவறுகிறது என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் என் மகன் கேட்டதற்கு, “பட்டா நோகும்தானே” என்றாள்.

அவள் படித்த விசேட வகுப்பின் டீச்சர் ஒருநாள் பின்னேரம் வீட்டுக்கு வந்தா. படிப்பு முடிந்து எத்தனையோ வருடமாகியும் தங்கச்சியைக் கிழமைக்கு ஒரு நாள் மைதானத்துக்குக் கூப்பிட்டு விளையாட வைப்பவ அவதான். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே உலகப் போட்டி ஒன்று இருக்கிறதாம். அதில் ஒரு விளையாட்டைச் சோடியாக விளையாட வேண்டுமாம். ஒருவர் தங்கச்சியைப் போன்றவர், மற்றவர் எங்களைப் போன்றவர். தங்கச்சிக்குச் சோடியாகப் போக இருந்த பெண்பிள்ளை கலியாணம் முடித்துக் கட்டாருக்குப் போய்விட்டாள்.

“அதுதான் ஒரு சோடி தேடுறன்” என்றா டீச்சர்.

“ராத்தா வருவா” என்றாள் தங்கச்சி, என் பக்கம் கையை நீட்டி.

“எனக்கு ஏலா, டீச்சர். பந்து எறிஞ்சு பழக்கமே இல்ல.”

“எறியத் தேவையில்ல. உருட்டினா போதும். விளையாட்டுக்குப் பேரு போச்சி.”

குசினியிலிருந்து உம்மா எட்டிப் பார்த்தா. “விளையாட முந்தியே போச்சியா?”

டீச்சர் சிரித்துச் சிரித்து, கொடுத்த தேத்தண்ணியைக் கையில் ஊற்றிக்கொண்டா. அந்தச் சிரிப்புக்கு நடுவில் நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது.

விளையாட்டு லேசானதுதான். முதலில் ஒரு சின்ன வெள்ளைப் பந்தை உருட்டிவிட வேண்டும். மறுகா, பெரிய பந்துகளை அதற்குக் கிட்ட உருட்ட வேண்டும். யாருடைய பந்து கிட்ட நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. ஒரு சோடிக்கு நாலு பந்து, ஆளுக்கு இரண்டு. பந்து ஓடுகிற பாதையின் இரண்டு பக்கமும் பலகை அடைத்திருக்கும். பழக எங்களிடம் சரியான பந்து இருக்கவில்லை. வெள்ளைப் பந்துக்குப் பதில் தென்னையிலிருந்து உதிர்ந்த ஒரு குரும்பட்டியை வைத்தோம். டீச்சர் எங்கேயோ தேடிப் பழைய பந்து நாலு கொண்டு வந்தா. விடியச் சுபஹு தொழுதுவிட்டுக் கடற்கரைக்குப் போவோம், அலை நனைத்த மணல் அப்போது இறுகிக் கிடக்கும். தங்கச்சி ஒவ்வொரு பந்துக்கும் சத்தமாக பிஸ்மி சொல்வாள். பந்து போய்க் குரும்பட்டிக்கு ஒரு சாண் தள்ளி நிற்கும். என்னுடையது கடலுக்குள் போகும். முதல் கிழமை நான் பந்து உருட்டியதைவிடச் சாரியை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு தண்ணிக்குள் ஓடியதுதான் கூட. தோணி தள்ளுகிற ஆட்கள் வேலையை நிற்பாட்டிவிட்டுப் பார்ப்பார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். தங்கச்சி அவர்களுக்குக் கை காட்டுவாள்.

ஆறு மாதம் இப்படிப் போனது. கொழும்பில் தெரிவு நடந்தது. அங்கே தங்கச்சியின் பந்துகள் எங்களைத் தெரிவாக்கின. என் பந்துகள் பெரிதாகக் கெடுதல் செய்யவில்லை, அவ்வளவுதான்.

லீவு எடுக்க அலுவலகத்தில் மேலதிகாரிக்கு முன்னால் போய் நின்றேன். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

“விளையாட்டுக்கு லீவா? ஆருக்கு?”

“எனக்குத்தான், சேர்.”

கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். பிறகு கதிரையிலிருந்து எழும்பி நின்று கையொப்பம் போட்டார். எழும்பியது ஏன் என்று நான் கேட்கவில்லை.

உம்மாவுக்குத்தான் கவலை தாங்கவில்லை. பிளேனில் தலை சுத்தினால் என்ன செய்வது, குளிருக்கு என்ன செய்வது, ஹலால் சாப்பாடு கிடைக்குமா. மாசிச் சம்பல் ஒரு போத்தல் இடித்துத் தந்தா. தங்கச்சி அக்கரைப்பற்றுச் சந்தையில் வாங்கிய கண்ணாடி வளையல் இரண்டு டசினைத் துவாயில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். “இவ்வளவு என்னத்துக்கு?” என்று கேட்டேன். “போட” என்றாள்.

போய் இறங்கிய ஊரில் வாயைத் திறந்தால் புகை வந்தது. தொடக்க விழாவில் ஒரு பெரிய மைதானம், உலகத்தில் உள்ள கொடியெல்லாம் அங்கே இருந்தன. எங்கள் ஊரில் தங்கச்சியோடு சந்தைக்குப் போனால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, ஆனாலும் பார்ப்பார்கள். நானும் அதற்குப் பழகி, அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கெதியாக நடப்பேன். அந்த மைதானத்தில் நான் வழக்கம்போல அவள் கையைப் பிடித்தேன். அவள் உதறிவிட்டாள். பக்கத்து வரிசையில் நின்ற, முன்பின் தெரியாத நாட்டு ஆட்களுக்கெல்லாம் ஸலாம் சொல்லிக்கொண்டு போனாள். அவர்களும் அவரவர் பாஷையில் ஏதோ சொல்லிக் கையைக் குலுக்கினார்கள். யாரும் யாரையும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பார்த்தால், கையைக் கட்டிக்கொண்டு பயந்து நின்ற ஒரே ஆள் நான்தான்.

முதல் ஆட்டத்தில் தோற்றோம். தோற்றது என்னால்தான். கடற்கரை மணலில் பழகிய கைக்கு அந்த மண்டபத்தின் விரிப்புப் பிடிபடவில்லை. பந்து வழுக்கிக்கொண்டு ஓடிக் கடைசிப் பலகையில் போய் ‘டமார்’ என்று அடிக்கும். அப்படி அடித்தால் அந்தப் பந்து செல்லாது. மூன்றாவது தரமும் அப்படி ஆனபோது தங்கச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஏசினாள்.

“என்னத்துக்குப் பயப்புடுறீங்க ராத்தா? பந்து கடிக்குமா?”

ஒரு வார்த்தை விளங்காவிட்டாலும் நடுவர் சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அவள் தன் மாசிச் சம்பலில் பாதியை என் கோப்பையில் போட்டாள். அவள் சம்பலை யாருக்கும் பங்கு கொடுத்து நான் கண்டதில்லை.

அடுத்த இரண்டு ஆட்டமும் வென்றோம். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் எங்களுக்கு எதிரே ஒரு வாப்பாவும் மகளும். அவருக்கு அறுபது வயதிருக்கும், வெள்ளைத் தாடி. மகள் தங்கச்சியின் வயதுக்காரி, நெட்டை. அந்த மனிசனுக்கும் என்னைப்போலக் கை நடுங்கியது. அதைக் கண்டதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும்.

ஏழுக்கு ஏழு என்று சரிசமனாக வந்து நின்றது. கடைசிச் சுற்று. வெள்ளைப் பந்துக்கு ஆகக் கிட்ட அந்த மகளின் சிவப்புப் பந்து. அதற்குக் கொஞ்சம் தள்ளித் தங்கச்சியின் பச்சைப் பந்து. மிச்சம் இருந்தது ஒரே ஒரு பந்து. அது என்னுடையது. இதையும் தங்கச்சியே உருட்டட்டும் என்று எனக்கு ஆசை. சட்டம் விடாது. எங்களோடு வந்திருந்த டீச்சர் கண்ணை மூடிக்கொண்டிருந்தா, ஓதினாவோ பார்க்கப் பயந்தாவோ தெரியாது.

“மெதுவா, ராத்தா” என்றாள் தங்கச்சி.

நான் மெதுவாகத்தான் உருட்ட நினைத்தேன். கையை விட்டதும் பந்து கெதியாகப் போனது, அதுவும் கோணலாக. பக்கப் பலகையில் பட்டது. ‘முடிஞ்சுது’ என்று முகத்தைத் திருப்பப் போனேன். பலகையில் பட்ட பந்து வளைந்து திரும்பி வந்து, தங்கச்சியின் பச்சைப் பந்தைப் பின்னாலிருந்து தட்டியது. அது அசைந்து, உருண்டு, வெள்ளைப் பந்தோடு ஒட்டின மாதிரிப் போய் நின்றது.

நடுவர் அளவு நாடாவோடு வந்து குந்தினார். தங்கச்சியும் அவருக்குப் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டாள். நாடாவில் உள்ள எண்கள் அவளுக்கு விளங்காது. ஆனாலும் சிவப்பை ஒரு தரம், பச்சையை ஒரு தரம், பெரிய உத்தியோகத்தர் மாதிரித் தலையைச் சரித்துப் பார்த்தாள். நடுவர் வாயைத் திறக்கும் முன்னமே எழும்பி, “நம்மட” என்றாள். நடுவர் பச்சையைக் காட்டினார்.

நான் விரிப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். தங்கச்சி என்னிடம் வரவில்லை. நேரே அந்த நெட்டை மகளிடம் போனாள். அவள் தோற்றதற்காக உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். தங்கச்சி தன் கையிலிருந்த வளையல்களைக் கழற்றி ஒவ்வொன்றாக அவளுக்குப் போட்டுவிட்டாள். பெரிய கை, மூன்றுதான் ஏறியது. மற்றதையெல்லாம் அந்தத் தாடிக்காரரிடம் கொடுத்தாள். அவர் அவற்றைச் சட்டைப் பைக்குள் கவனமாக வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, நடுங்குகிற தன் கையைத் தூக்கிக் காட்டினார். நானும் என் கையைத் தூக்கிக் காட்டினேன். இரண்டு பேரும் நன்றாகச் சிரித்தோம். பெட்டியில் கிடந்த மிச்ச வளையல்கள் நாலு நாளில் நாலு கண்டத்துக்கும் போய்விட்டன.

ஊருக்கு வந்தபோது சந்தியில் கூட்டம். ஆட்டோக்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு வரிசையாக வந்தன. ஒரு சின்ன மேடை போட்டிருந்தார்கள். மாலையை எனக்குப் போட்டார்கள், மைக்கையும் என்னிடமே தந்தார்கள். ‘சகோதரிக்காகத் தன்னை அர்ப்பணித்தவர்’ என்று ஒருவர் உருக்கமாகப் பேசினார். தங்கச்சி ஒரு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் அவளுக்குக் கிட்டப் போனேன். மைக்கை அவளிடம் கொடுத்தேன்.

அவள் அதை இரண்டு கையாலும் பிடித்தாள். “நான் விளையாடின” என்றாள். கொஞ்சம் யோசித்தாள். “ராத்தாவும் விளையாடின. முதல்ல சரியில்ல. மறுகா பரவால்ல.”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்துக் கை தட்டியது. நான் மாலையைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டேன். உம்மா மேடைக்குக் கீழே நின்று கண்ணைத் துடைத்துவிட்டு, மகளின் வெறுங்கையைப் பார்த்து, “ரெண்டு டசின் வளையலும் எங்ககா?” என்று கேட்டா.

இப்போது பின்னேரங்களில் மைதானத்துக்கு ஐந்து சோடி வருகிறது. போன கிழமை இறக்காமத்திலிருந்து ஒரு தாய் பத்தொன்பது வயது மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தா. மகளை இத்தனை வருடம் கலியாண வீட்டுக்குக்கூடக் கூட்டிப் போனதில்லையாம். மகளை விட்டுவிட்டு மரத்தடியில் போய் உட்காரப் பார்த்தா. தங்கச்சி விடவில்லை, ஒரு பந்தைக் கொண்டுபோய் நீட்டினாள்.

“எனக்கு இதெல்லாம் வராது, புள்ள.”

“ராத்தாக்கும் வராது” என்றாள் தங்கச்சி, என்னைக் காட்டி. “புடிங்க.”

அந்தத் தாய் என்னைப் பார்த்தா. நான் ஓம் என்று தலையாட்டினேன். அவ செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் பந்தை வாங்கிக்கொண்டா.